தமிழ் தன்னைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டுமா?



சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் 2025ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கண்காட்சிகளுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில், 1920களிலிருந்து 1940கள் வரை பாரிசில் வாழ்ந்து வரைந்த ஆசிய ஓவியர்களைப் பற்றிய கண்காட்சி திறக்கப்பட்டது. ஜூலையில், சிங்கப்பூர் ஓவியங்களுக்கான நிலையான கூடம் முழுவதும் மாற்றியமைக்கப்பட்டு, 'சிங்கப்பூர்க் கதைகள்' என்னும் பொருள்படும் புதிய தலைப்பில் திறக்கப்பட்டது. நவம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஓவியங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

இம்மூன்றில் எதற்காவது நம் தமிழ் வகுப்புகள் சென்றனவா? எனக்குத் தெரிந்த பள்ளிகளில் ஒரு தமிழ் வகுப்புகூடச் செல்லவில்லை. கலைக்கூடத்துக்குச் சென்ற தமிழ் மாணவர்கள் உண்டு. அவர்கள் கலைப்பாட ஆசிரியருடன் சென்றார்கள், ஆங்கிலத்தில் கேட்டார்கள், ஆங்கிலத்தில் எழுதினார்கள், திரும்பி வந்தார்கள். மறுநாள் தமிழ் வகுப்பில் வந்து அமர்ந்தபோது அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை. பேச வேண்டும் என்று ஆசிரியருக்கும் தோன்றவில்லை, மாணவருக்கும் தோன்றவில்லை.

இதைக் குறித்து ஆசிரியர் ஒருவரிடம் ஒருமுறை பேசியபோது, "ஓவியத்துக்கும் நமக்கும் என்னங்க ஐயா தொடர்பு? அது கலை ஆசிரியருடைய வேலையாயிற்றே!" என்றார். அவர் சோம்பேறி அல்லர். நல்ல ஆசிரியர், தமிழ்ப்பற்று மிக்கவர், விடுமுறையிலும் மாணவர்களுக்காக உழைப்பவர். அப்படிப்பட்டவரின் வாயிலிருந்து அந்த விடை வந்ததுதான் எனக்கு அச்சத்தைத் தந்தது. அந்த விடையை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். சிலருக்கு இது கசப்பாக இருக்கலாம். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேலி போட்டது யார்?

நம் தமிழ் வகுப்புகள் பள்ளியை விட்டு வெளியே செல்வதே இல்லை என்று நான் சொல்லவில்லை. செல்கின்றன. கற்றல் பயணம் என்று அறிவித்தவுடன் நம் கால்கள் தாமாகவே எங்கே போகின்றன? தேக்காவுக்குப் போகின்றன. 2015ஆம் ஆண்டில் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போகின்றன. பூமாலைக் கடை, மளிகைக் கடை, கோயில் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பேருந்தில் ஏறுகிறோம். ஏப்ரல் மாதம் வந்தால் தமிழ்மொழி விழா. 2007ஆம் ஆண்டு முதல் வளர்தமிழ் இயக்கம் முன்னின்று நடத்திவரும் அவ்விழாவில் பேச்சு, கவிதை, பட்டிமன்றம், நாடகம் என எல்லாம் உண்டு.

இவை எல்லாம் வேண்டும். இவற்றைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் ஆண்டுதோறும் இந்த ஒரே வட்டத்துக்குள் சுற்றிவரும் பத்து வயதுப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? "தமிழ் என்பது தமிழரைப் பற்றிப் பேசுவதற்கான மொழி. பொங்கலைப் பற்றிப் பேசத் தமிழ். புடவையைப் பற்றிப் பேசத் தமிழ். தமிழின் சிறப்பைப் பற்றிப் பேசத் தமிழ். மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேச ஆங்கிலம்." எந்தப் பாடநூலிலும் இந்த வாக்கியம் அச்சிடப்படவில்லை. ஆயினும் பிள்ளைகள் இதைத் தெளிவாகக் கற்றுக்கொள்கிறார்கள். நாம் எதை எங்கே கற்பிக்கிறோம் என்பதிலிருந்தே கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி இயங்கிய நாள்களில், அங்குப் படித்த பிள்ளைக்குத் தமிழ் ஒரு பாடமாக மட்டும் இருக்கவில்லை. மற்றப் பாடங்களுக்கும் அதுவே பயிற்றுமொழியாக இருந்தது. உலகத்தைத் தமிழின் வழியாகத் தெரிந்துகொள்ளலாம் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் தனியே எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்துபோய் 1982ஆம் ஆண்டில் அப்பள்ளி மூடப்பட்டது. பயிற்றுமொழியாக இருந்த தமிழ் பாடமாகச் சுருங்கியது. அதற்குப் பொருளாதாரக் காரணங்கள் இருந்தன. பெற்றோரின் விருப்பமும் இருந்தது. அந்த வரலாற்றை இனி மாற்ற முடியாது.

பாடமாகச் சுருங்கிய தமிழை இன்னும் சுருக்கி, தமிழ்ப் பண்பாட்டைப் பற்றிய பாடமாக மட்டும் ஆக்கியது யார்? அதை எந்த அமைச்சும் ஆணையிட்டுச் செய்யவில்லை. அந்த வேலியை நாமே போட்டோம். போட்டுவிட்டு, உள்ளே நின்றுகொண்டு, பிள்ளைகள் வேலியைத் தாண்டிப் போகிறார்களே என்று வருந்துகிறோம்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். இந்த எண்ணைக் கேட்டதும் நாம் இன்னொரு பேச்சுப் போட்டிக்கு ஏற்பாடு செய்கிறோம். வீட்டில் ஒரு பிள்ளை தமிழை விட்டு விலகும் இடம் எது? தான் பார்த்த, தன்னை வியக்கவைத்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வரும்போது தமிழ்ச் சொல் கிடைக்காமல் போகிறதே, அந்த இடம்தான். பேச்சுப் போட்டி அந்த இடத்தைத் தொடுவதில்லை.

படம் பார்த்துப் பேசத் தெரியாத படக்கட்டுரை

நம்மிடம் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஓவியத்துக்கும் தமிழ் வகுப்புக்கும் தொடர்பில்லை என்கிறோம். ஆனால் நம் பாடத்தில் படங்களுக்குக் குறைவே இல்லை. தொடக்கநிலை ஒன்று முதலே படத்தைப் பார்த்து வாக்கியம் அமைக்கச் சொல்கிறோம். பிறகு தொடர்படக் கட்டுரை. வாய்மொழித் தேர்வில் முன்பு படத்தைக் காட்டிப் பேசச் சொன்னோம். இப்போது காணொளியைக் காட்டிப் பேசச் சொல்கிறோம். பார்த்துச் சொல்வது என்பது நம் தேர்வின் நடுத்தூண். அந்தத் தூணை நாம் எப்படி எழுப்புகிறோம்?

துணைப்பாட வகுப்புகளில் விற்பனையாகும் பயிற்சி ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். இனிய சொற்றொடர்கள் என்ற பெயரில் நீண்ட பட்டியல் இருக்கும். பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் கதிரவன் கீழ்வானில் உதிக்கிறான், பறவைகள் இன்னிசை எழுப்புகின்றன, தென்றல் தவழ்கிறது. படத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தாலும் கதிரவன் உதித்தே தீருகிறான்! நாமும் அந்தச் சொற்றொடரின் கீழே சிவப்பு மையால் கோடிட்டு 'நன்று' என்று எழுதுகிறோம்.

பிள்ளை படத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே எழுதப் பழக்கிவிட்டோம். கண்ணால் கண்டதற்கும் கையால் எழுதியதற்கும் தொடர்பில்லாத மொழியைப் பிள்ளை எதற்காக நேசிக்க வேண்டும்? தேர்வு முடிந்த மறுநாளே அதைத் தூக்கிப் போட்டுவிடுவதில் என்ன வியப்பு?

கலைக்கூடம் இதற்கு மருந்தாகும் என்கிறேன். காரணம் எளியது. நல்ல ஓவியத்துக்கு முன்னால் மனப்பாடச் சொற்றொடர் செல்லாது. அங்கே கதிரவன் இருந்தால் இருப்பான், இல்லையென்றால் இல்லை.

மூன்று படங்கள்

வெறும் வாதமாகச் சொல்லிக்கொண்டு போவதில் பயனில்லை. தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பிலுள்ள இரு படைப்புகளையும், நம் பணப்பையிலேயே இருக்கும் ஒரு படத்தையும் கொண்டு நான் நடத்திய பாடத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, ஜெர்மானியரான ஹைன்ரிஷ் லாய்டமன் 19ஆம் நூற்றாண்டில் படைத்த மரச்செதுக்கு அச்சுப்படம். சிங்கப்பூரில் சாலை அளக்கும் பணி இடையில் தடைபட்டது என்பது அதன் தலைப்பின் பொருள். 1835ஆம் ஆண்டில் நடந்ததாகக் கூறப்படும் நிகழ்ச்சியை அது காட்டுகிறது. பொதுப்பணிக் கண்காணிப்பாளராக இருந்த ஜார்ஜ் கோல்மன் காட்டில் நிலம் அளந்துகொண்டிருக்கிறார். புதரிலிருந்து புலி பாய்கிறது. அளவைக்கருவி முக்காலியோடு சாய்கிறது. உடனிருந்த தொழிலாளர்கள் மூலைக்கொருவராகச் சிதறுகிறார்கள்.

இப்படத்தைத் தொடக்கநிலை ஐந்தில் பதினான்கு மாணவர்களுக்கு வகுப்பறைத் திரையில் காட்டினேன். "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டேன். முதலில் ஒரே சொல்: "புலி." பிறகு மெல்ல மெல்லச் சொற்கள் வந்தன. பாய்கிறது, சாய்கிறது, மல்லாந்து விழுகிறார், தலைதெறிக்க ஓடுகிறார். 'குப்புற', 'மல்லாக்க' ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாணவன் வகுப்பின் முன்னால் விழுந்தே காட்டினான். அந்த இரண்டு சொற்களும் அவர்களுக்கு இனி மறக்கமாட்டா.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, அந்த வெள்ளைக்காரர் பேரு சொன்னீங்க. மத்தவங்க எல்லாம் யாரு?"

இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளைப் பற்றிச் சொன்னேன். 1825ஆம் ஆண்டு முதல் அவர்கள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டதையும், சாலைகளையும் கட்டடங்களையும் அவர்கள் உழைப்பே எழுப்பியதையும், காலில் விலங்கு பூட்டப்பட்டதையும் சொன்னேன். "விலங்கு என்றால் மிருகம்தானே ஐயா?" என்றான் ஒருவன். ஒரே சொல் புலிக்கும் பொருந்துகிறது, காலில் பூட்டும் சங்கிலிக்கும் பொருந்துகிறது என்று சொன்னபோது வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. அகராதியை நான் திறக்கச் சொல்லவில்லை, அவர்களே திறந்தார்கள்.

கலைக்கூடத்தின் பக்கவாட்டில் ஓடும் சாலையின் பெயர் கோல்மன் சாலை. அதற்கு அப்பால் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1862ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பட்டது. அதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். சாலைக்குப் பெயர் இருக்கிறது; கட்டியவர்களின் பெயர்களை யாரும் சொல்வதில்லை. இந்தப் பாடத்தை எந்தக் கலை ஆசிரியரும் நமக்காகத் தமிழில் நடத்தப் போவதில்லை.

இரண்டாவது, சுவா மியா டீ 1959ஆம் ஆண்டில் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' என்னும் எண்ணெய் வண்ண ஓவியம். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. வட்ட மேசையைச் சுற்றிச் சீன மாணவர்கள் மலாய் மொழி கற்கிறார்கள். மலாய் ஆசிரியர் கரும்பலகையருகே நிற்கிறார். பலகையில் இரண்டு வினாக்கள்: 'உன் பெயர் என்ன?', 'நீ எங்கே வசிக்கிறாய்?' 2015 நவம்பரில் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது, சிங்கப்பூர் ஓவியங்களுக்கான கூடத்தின் முதல் கண்காட்சிக்கு அந்தப் பலகையில் உள்ள முதல் வினாவையே மலாய் மொழியில் பெயராக வைத்தார்கள்: 'சியாப்பா நாமா காமு?'

ஒரு மொழி வகுப்பைக் காட்டும் ஓவியம் இந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற ஓவியங்களுள் ஒன்றாக இருக்கிறது. மொழி ஆசிரியர்களாகிய நாம் அதை நம் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறோமா? அந்த மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தேர்வுக்காகப் படிப்பவர்களாகத் தெரியவில்லை. அருகில் வாழும் மனிதரிடம் பெயர் கேட்பதற்காகப் படிக்கிறார்கள். மொழி எதற்காக என்ற வினாவுக்கு இதைவிட நேரான விடையை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்டதில்லை. அந்தப் படத்தின் முன்னால், "இந்த மேசையில் ஒரு நாற்காலி உனக்குக் கிடைத்தால் நீ என்ன கேட்பாய்? தமிழில் எழுது" என்று சொல்லிப் பாருங்கள். கதிரவன் உதிக்கமாட்டான். பிள்ளை எழுதும்.

மூன்றாவது படத்துக்குக் கலைக்கூடம் வரை போகவே வேண்டா. ஐம்பது வெள்ளி நோட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அதிலே சியோங் சூ பியெங் 1978ஆம் ஆண்டில் வரைந்த ஓவியம் இருக்கிறது. பெண்கள் உப்பிட்ட மீனைக் காயவைக்கும் காட்சி. அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்கச் சொன்னபோது மாணவர்கள், 'உலர்த்தப்படுகின்ற உப்பு மீன்' என்று தடுமாறினார்கள். நான், "உங்கள் பாட்டி இதை என்ன சொல்வார்?" என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "கருவாடு!" வகுப்பே சிரித்தது. அடுக்களைச் சொல் என்று ஒதுக்கிவைத்த ஒரு சொல், நாட்டின் பணநோட்டில் உள்ள ஓவியத்துக்குச் சரியான பெயராக வந்து நின்றது. அந்தப் பிள்ளையின் முகத்தில் அன்று கண்ட பெருமிதத்தை எந்தத் தமிழ்ப் பெருமைப் பேச்சும் தந்துவிட முடியாது.

சொல்லப்படும் காரணங்கள்

இதைச் சொல்லும்போதெல்லாம் சில மறுப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'நேரமில்லை' என்பது முதல் மறுப்பு. ஒரு படத்துக்கு இருபது நிமிடம் போதும். பயன்படாத சொற்றொடர்ப் பட்டியலை ஒப்பிக்கச் சொல்லும் நேரத்தில் பாதியைக் கொடுத்தாலே இது நடக்கும். தொடக்கநிலை நான்கில் கலைப்பாடத்தின் ஒரு பகுதியாக மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. பேருந்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. நாம் செய்ய வேண்டியது, கலை ஆசிரியரிடம் போய், "எந்தப் படங்களைக் காட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டு, மறுநாள் தமிழ்ப் பாடவேளையில் அவற்றில் ஒன்றைப் பற்றிப் பேசுவது மட்டுமே.

'தேர்வுக்கு வராது' என்பது இரண்டாவது. இது தவறு. காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு, பார்த்துச் சொல்லும் பழக்கம் தேவையில்லையா? பெற்றோர்களே, மதிப்பெண்ணை மட்டும் கருதினால்கூட இது இழப்பில்லாத முதலீடு.

'ஓவியத்தைப் பற்றிப் பேசத் தமிழில் சொற்கள் இல்லை' என்பது மூன்றாவது. இதைத் தமிழாசிரியர் ஒருவர் சொல்லக் கேட்கும்போதுதான் எனக்குச் சினம் வருகிறது. பரிபாடலின் 19ஆம் பாடலைத் திறந்து பாருங்கள். திருப்பரங்குன்றத்தின் எழுத்துநிலை மண்டபத்தில் மக்கள் ஓவியம் பார்க்கிறார்கள். இவர் யார், அவர் யார் என்று ஒருவர் கேட்க, உடன் வந்தவர் இன்னாரென்று விளக்குகிறார். காமனும் இரதியும், இந்திரனும் அகலிகையும் அங்கே தீட்டப்பட்டிருக்கிறார்கள். ஓவியக் கூடத்துக்குக் குடும்பத்தோடு சென்று, படத்தின் முன் நின்று, தாய்மொழியில் கேட்டும் சொல்லியும் மகிழும் பழக்கத்தை நப்பண்ணனார் அன்றே பாடி வைத்திருக்கிறார். ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது மதுரைக்காஞ்சி. வண்ணம் தீட்டாத கோட்டுருவைப் 'புனையா ஓவியம்' என்கிறது நெடுநல்வாடை. சொற்கள் நம்மிடம் இருக்கின்றன, வேலையின்றிக் கிடக்கின்றன. மேடையில் பெருமையாகச் சொல்வதற்கு மட்டும் அவற்றை எடுப்பது அச்சொற்களுக்கும் அழகன்று.

அன்றியும், தொடங்குவதற்குக் கலைச்சொற்கள் தேவையில்லை. வினைச்சொற்கள் போதும். பார்க்கிறான், நோக்குகிறான், உற்றுப் பார்க்கிறான், எட்டிப் பார்க்கிறான், முறைக்கிறான், வெறிக்கிறான். ஓவியத்தில் உள்ள ஒரு முகத்துக்கு இவற்றுள் எது பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும் பிள்ளை, ஓவியத்தையும் கற்கிறது, தமிழையும் கற்கிறது.

'முதலில் கண்காட்சிக் குறிப்புகளைத் தமிழில் வைக்கட்டும். பிறகு போகலாம்' என்பது நான்காவது. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. பொது நிறுவனங்களில் தமிழ்க் குறிப்புகளைக் கேட்பது நம் உரிமை, கேட்கவும் வேண்டும். ஆனால் சுவரில் தமிழ் வந்துவிட்டால் போதுமா? படிக்க யாரும் வராத தமிழ்க் குறிப்பு வெறும் அலங்காரம். சில ஆண்டுகளில், 'யாரும் படிப்பதில்லையே' என்று அதை எடுத்துவிடவும் காரணம் கிடைத்துவிடும். படத்தின் முன் நின்று தமிழில் பேசும் பத்துப் பேர் வந்தால், குறிப்பு தானாக வரும். அதுமட்டுமா? ஓவியத்தைப் பற்றித் தமிழில் எழுதிப் பழகாத தலைமுறையிலிருந்து, நாளை அந்தக் குறிப்புகளை எழுத யார் வருவார்கள்? அலுவலகத்தில் ஒருவர் இயந்திர மொழிபெயர்ப்பை ஒட்டிவைப்பார். நாம் பிழை கண்டுபிடித்து நாளிதழுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்போம்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

கலைக்கூடத்தில் தமிழ்க் குடும்பங்களை நான் பார்த்ததுண்டு. நகர மண்டப ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும்போது தமிழில் பேசிக்கொண்டுதான் வருகிறார்கள். கதவைக் கடந்து உள்ளே நுழைந்ததும் குரல் தாழ்கிறது, மொழியும் மாறிவிடுகிறது. தாய் தன் பிள்ளையிடம் திடீரென்று ஆங்கிலத்தில் பேசத் தொடங்குகிறார். அந்த இடத்தின் மதிப்புக்குத் தமிழ் பொருந்தாது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, அது புரிந்துகொண்டுவிட்டது.

பெற்றோர்களே, அந்தக் கதவருகே மொழியை மாற்றாதீர்கள். நீங்கள் ஓவிய அறிஞராக இருக்க வேண்டியதில்லை. "இந்தப் பாட்டி ஏன் கவலையா இருக்காங்க?" என்று கேட்டால் போதும். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிலையான கூடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. துணைப்பாட வகுப்பின் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தை எண்ணிப் பாருங்கள். இங்கே ஒரு மாலைப் பொழுது முழுவதும் செலவில்லாமல் கிடைக்கிறது.

நான் கேட்பது இவைதான்

வெறுமனே குறை கூறிவிட்டுப் போவது ஆசிரியருக்கு அழகன்று. ஆகவே செய்யக்கூடியவற்றைக் கூறுகிறேன்.

1. ஒரு பருவத்துக்கு ஒரு படம். ஒரே ஒரு படம். நேரில் பார்க்க முடிந்தால் நேரில். முடியாவிட்டால் வகுப்பறைத் திரையில்.

2. மூன்று வினாக்கள். என்ன தெரிகிறது? எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறாய்? படத்தில் இல்லாதது எது? இரண்டாம் வினா இன்றியமையாதது. சான்று காட்டிப் பேசும் பழக்கம் அங்குதான் பிறக்கிறது.

3. ஆசிரியர் முதலில் விளக்கம் சொல்லக்கூடாது. பிள்ளைகள் பேசி முடிக்கும்வரை ஓவியரின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டா. அமைதி நிலவினால் நிலவட்டும். அவர்கள் சொல்லைத் தேடுகிறார்கள்.

4. பிறகு, ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் படத்துக்கு ஐம்பது சொற்களில் ஒரு தமிழ்க் குறிப்பு எழுதட்டும். மனப்பாடச் சொற்றொடர் ஒன்றுகூட இருக்கக்கூடாது. நல்ல குறிப்புகளைப் படத்தோடு சேர்த்துப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். தாய்மொழி இருவார நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல காட்சி வேண்டுமா?

5. தமிழரல்லாத ஓவியர்களின் படைப்புகளை முதலில் தேர்ந்தெடுங்கள். இது முக்கியம். தமிழ் ஓவியரைத் தேடிப்பிடித்துக் காட்டினால் பழைய வேலிக்குள் மீண்டும் நுழைந்துவிடுவோம். சீனர் வரைந்ததையும் மலாய்க்காரர் வரைந்ததையும் பிரெஞ்சுக்காரர் வரைந்ததையும் பற்றித் தமிழில் பேசிப் பழகட்டும். பிறகு, தேசிய அரும்பொருளகத்தின் வெளியே நிற்கும் குமாரி நாகப்பனின் பெரிய சிவப்பு மிளகாய்ச் சிற்பத்திடம் அழைத்துப் போங்கள். அதன் மலாய்ப் பெயர் 'பெடாஸ் பெடாஸ்'. 'காரம்' என்பதா, 'உறைப்பு' என்பதா என்று பிள்ளைகள் சண்டையிடட்டும். அந்தச் சண்டை தமிழில் நடந்தால் நாம் வெற்றி பெற்றோம்.

தமிழைக் காப்போம் என்று நாம் ஆண்டுதோறும் உறுதிமொழி எடுக்கிறோம். காப்பது என்றால் பூட்டிவைப்பது என்று எப்படியோ பொருள் கொண்டுவிட்டோம். தன்னைப் பற்றி மட்டுமே பேசும் மனிதரோடு யாரும் நெடுநேரம் அமர்வதில்லை. மொழிக்கும் அதே கதிதான். புலியைப் பற்றியும், கைதியைப் பற்றியும், பெயர் கேட்கும் அண்டை வீட்டாரைப் பற்றியும், பாரிசு நகரத்து மழையைப் பற்றியும் பேசக்கூடிய தமிழையே பிள்ளைகள் தங்களோடு எடுத்துச் செல்வார்கள்.

கலைக்கூடத்தில் அடுத்த கண்காட்சி திறக்கப்படும் செய்தியை நாளிதழில் பார்க்கும்போது, ஆசிரியர் அறையில் இருக்கும் கலை ஆசிரியரின் மேசைக்கு எழுந்து செல்லுங்கள். "நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். தொடங்குவதற்கு அது போதும்.